உறைந்த ஏரியில் விமானம் இறங்கலாமா?

கேள்வி: பாஸ்டனில் படிக்கும் என் மகனை, விமானி உரிமம் வைத்திருக்கும் நண்பன் பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷையருக்குச் சிறு விமானத்தில் அழைக்கிறான். ஆல்டன் பே என்ற இடத்தில் உறைந்த ஏரிமேல் இறங்குவார்களாம். ஏற்காடு ஏரியில் படகு ஏறவே நாங்கள் யோசிப்பவர்கள். சம்மதிக்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: ஆல்டன் பேதான் என்றால் சம்மதிக்கலாம் அம்மா. வின்னிப்பெசாக்கி ஏரியின் தென்கோடியில் இருக்கும் அது, அலாஸ்கா நீங்கலாக அமெரிக்க நிலப்பரப்பில் அந்நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஏற்றுக்கொண்ட ஒரே பனிக்கட்டி ஓடுபாதை. துளையிட்டு அளந்து, பனிக்கட்டி 12 அங்குலமாவது தடித்திருந்தால்தான் திறப்பார்கள். குளிர் போதாத ஆண்டுகளில் திறப்பதே இல்லை. அப்படி மூடியிருக்கும் நாளில், "சரி, பக்கத்து ஏரியில் இறங்கிப் பார்ப்போம்" என்று நண்பன் கிளம்பினால் உங்கள் மகன் உடன் போகவே கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே தங்குவதால் ஏரி மேற்பரப்பில்தான் முதலில் உறைகிறது. அடியில் நீர் நீராகவே கிடக்கிறது. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் முழு எடையில் சுமார் 1,100 கிலோ. அதன்கீழ் பனிக்கட்டி கயிற்றுக் கட்டில்போலச் சற்றே தொய்ந்து சுமையைத் தாங்கும். வெகுநேரம் நிறுத்தினால் தொய்வு கூடும். தடிமன் பாதியானால் தாங்கும் திறன் பாதியாகாது, ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அதுவும் தெளிந்த கட்டிக்குத்தான். வெண்மையாக, காற்றுக் குமிழ்களோடு இருப்பதற்குப் பாதி வலிமை என்றுதான் கணக்கு.

மேலே படியும் பனி இன்னொரு தொல்லை. அது போர்வையாகிக் குளிரைத் தடுப்பதால் கட்டி தடிப்பதில்லை. அதன் பாரத்தால் விரிசல் வழியாக நீர் ஏறி, பனிக்கடியில் சேறாக நிற்கும். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். ஓடைகள் கலக்கும் இடத்திலும் குறுகிய கால்வாய்களிலும் கட்டி எப்போதும் மெல்லியது. ஓரிடத்தில் அளந்தது அடுத்த இடத்துக்குச் செல்லாது.

என்னைக் கேட்டால், அளந்து திறந்த பாதையில் கட்டி உடைவதைவிட அதிகம் பயப்பட வேண்டியவை பிரேக்கும் புரொப்பெல்லரும்தான். வழுவழுப்பான பரப்பில் பிரேக் பிடித்துப் பயனில்லை. சரியான வேகத்தில் இறங்கி, எதிர்காற்றை நம்பித்தான் நிற்க வேண்டும். பக்கக்காற்று பலமாக வீசினால், மெல்ல ஊர்ந்து போகும் விமானத்தைக்கூடத் திருப்பிவிடும். அன்று திரும்பிவருவதே நல்ல விமானிக்கு அழகு. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடினாலே விமானம் முன்னால் நகரும். இறங்குபவரின் கால் வழுக்கினால் சுழலும் புரொப்பெல்லர் பக்கம்தான் போய் விழுவார். அது முழுவதும் நின்றபிறகே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை கடைகளில் கிடைக்கும்.

குளிரே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். மே மாத வெயிலில் நம் சேலம் விமான நிலையத்தின் கமலாபுரம் ஓடுபாதையில் மேலேறத் திணறும் விமானம், அடர்ந்த குளிர்காற்றில் துள்ளிக் கிளம்பும். ஆனால் கனத்த கோட்டைப் பின்னிருக்கையில் போடாமல் உடுத்தியே பறக்க வேண்டும். உறைநீரில் விழுந்தால் மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம், கைகால்கள் ஒத்துழைக்கப் பத்து நிமிடம் என்பதுதான் மீட்புப் பணியினர் சொல்லும் தோராயக் கணக்கு.

நண்பனிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவையும் உண்டு. பயணிகளை ஏற்றிச்செல்ல, கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பயிற்றுநரோடு பனிக்கட்டியில் இறங்கிய அனுபவம் உண்டா என்பது அதைவிட முக்கியம். செலவில் பங்கு கேட்டால் கொடுக்கலாம். ஆனால் தனியார் விமானி உரிமத்தை வைத்துப் பயணியிடம் கட்டணம் வாங்க முடியாது. விமானம் வாடகைக்கு எடுத்ததென்றால், அதன் காப்பீடு பனிக்கட்டியில் இறங்குவதற்கும் செல்லுமா என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடட்டும்.