ஒரே த்ரோ போதுமா? (கடிதம்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

மகள் ஒன்பதாவது படிக்கிறாள், குன்னூரில் ஜூடோ கற்கிறாள். கோச் பல மாதமாக செயோய் நாகே (எதிராளியை முதுகில் ஏற்றி முன்னால் தூக்கிப் போடும் த்ரோ) ஒன்றையே போடச் சொல்கிறார். ஜூடோவின் தலைமைப் பள்ளியான ஜப்பானின் கோடோகான் பட்டியலிலோ 68 த்ரோ இருக்கிறது. உலக அளவில் ஆடுகிறவர்கள் எல்லாவற்றையும் கற்றுத்தானே ஜெயிக்கிறார்கள்? கோச்சிடம் பேசிப் பார்க்கட்டுமா? அப்புறம், இந்த ஐப்பசி மழையில் அவள் ஜூடோ உடுப்பு காயவே மாட்டேன் என்கிறது.

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

உடுப்பை முதலில் முடித்துவிடுவோம். கோத்தகிரியிலும் இதே கதைதான். மெஷினில் இரண்டு தடவை ஸ்பின் போட்டு, காலரை வெளிப்பக்கமாக விரித்துக் காயப்போடுங்கள், கடைசியில் காய்வது அந்தத் தடித்த காலர்தான்.

சரி, கோச் விஷயம். சண்டைக்குப் போய்விடாதீர்கள். 68 உண்மைதான், ஆனால் ஒலிம்பிக் பதக்கக்காரர்களுக்கே புள்ளி வாங்கித் தருவது பெரும்பாலும் இரண்டு மூன்று த்ரோதான். ஜப்பானின் ஒலிம்பிக் சாம்பியன்களில் கோகா தோஷிஹிகோ என்றால் இப்போன் செயோய் நாகே (எதிராளியின் ஒரே கையைப் பிடித்துப் போடும் செயோய் நாகே), இனோவே கோசெய் என்றால் உச்சி மாட்டா (உள்தொடையைக் காலால் தூக்கிப் போடுவது). அதுதான் வரப்போகிறது என்று எதிராளிக்கும் தெரியும், தெரிந்தும் விழுவார். அதற்காக எப்போதும் விழுந்துவிடுவார் என்றும் இல்லை, 1992 பார்சிலோனா இறுதிப் போட்டியில் கோகாவே யாரையும் தூக்கிப் போட்டு ஜெயிக்கவில்லை, நடுவர்கள் தீர்ப்பில்தான் தங்கம் வந்தது.

யூடியூபில் விழுந்ததை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள், அதுதான் உங்களைக் குழப்புகிறது. ஒரு முழு ஆட்டத்தைப் பாருங்கள். நான்கு நிமிடத்தில் பெரும்பகுதி காலருக்கும் ஸ்லீவுக்கும் நடக்கிற கைச்சண்டை, நடுவில் போடுகிற த்ரோக்களில் அநேகம் வீண். செயோய் நாகே நிறையப் போடப்படுவது, நிறைய வீணாவதும்தான், ஏனென்றால் சும்மா நின்றால் ஷிடோ (நடுவர் தரும் தண்டனை) விழுமே என்று முட்டி போட்டு உள்ளே நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று ஷிடோ வாங்கினால் ஆட்டம் போச்சு.

விழுகிற செயோய் நாகே எப்படி வருகிறது என்று கவனியுங்கள். முதலில் கோ உச்சி காரி, அதாவது போடுகிறவள் எதிராளியின் குதிகாலை உள்பக்கமிருந்து காலால் வாருகிறாள். பின்னால் சாயக்கூடாதென்று எதிராளி தன் எடையை முன்னால் தள்ளுகிறாள், அந்த நொடியில் திரும்பி உள்ளே போனால் பாதி வேலையை எதிராளியே செய்துகொடுத்துவிடுவாள். முதல் வாரல் நிஜமாக இருந்தால்தான் இது நடக்கும், பாவனை காட்டினால் யாரும் அசைய மாட்டார்கள். ஆகவே உங்கள் மகளுக்கு 68 வேண்டாம், செயோய் நாகேக்கு முன்னால் போட ஒன்று, அது தடுக்கப்பட்டால் போட ஒன்று, போதும்.

விதியும் தேர்வை மாற்றும். காலைக் கையால் பிடிப்பதை 2010-இல் கட்டுப்படுத்தி, 2013-இல் முழுக்கத் தடுத்ததும் மொரோத்தே காரி (இரண்டு கையாலும் கால்களைப் பிடித்து வீழ்த்துவது) போட்டியிலிருந்தே போய்விட்டது. 2017-இல் நீக்கிய யூகோ என்ற சிறிய புள்ளியை 2025-இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், இப்போது அரைகுறையாக விழவைத்தாலும் ஏதோ கிடைக்கும்.

கோச்சிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்: இடது கைக்காரி எதிரே நின்றால் ஸ்லீவ் சுலபத்தில் கைக்கு வராது, அப்போது இவள் எதைப் பிடிப்பது, எதைப் போடுவது? மேல்மட்டத்தில் அந்த நிலையில் பலர் உச்சி மாட்டாவுக்குத்தான் போகிறார்கள். இவள் உயரத்துக்கு அது சரிவருமா என்பது அவளைத் தினமும் பார்க்கிற அவருக்குத்தான் தெரியும்.