பழைய கனூ படகு சாய்கிறது: புதுச் சேணம் வாங்கலாமா?

கேள்வி: பாறை ஆற்றில் ஓட்டும் ஒற்றையாள் கனூ படகு ஒன்றை, தெரிந்தவர் ஒருவரிடம் 1,800 வெள்ளிக்கு வாங்கினேன். நடுவில் ஃபோம் சேணம் (மண்டியிட்டு, இரண்டு காலுக்கும் நடுவே வைத்து உட்காரும் இருக்கை) ஒட்டியிருக்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்தால் படகு இடப்பக்கம் சாய்கிறது. நேராகத்தான் துடுப்புப் போடுகிறேன், ஆனாலும் படகு திரும்பிவிடுகிறது. 20 நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. சேணம், தொடை வார் (தொடையைப் படகோடு பிடித்துவைக்கும் பட்டை), காற்றுப்பை (படகுக்குள் தண்ணீர் புகாமல் இடத்தை அடைக்கும் ஊதிய பை) எல்லாம் சேர்ந்த செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், அனுப்பும் செலவோடு 1,500 வெள்ளி ஆகும் போலிருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கோளாறு சேணத்தின் தரத்தில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். புதுச் சேணத்தையும் அதே இடத்தில் ஒட்டினால் படகு அப்படியேதான் ஓடும்.

முதலில் அளவு நாடாவை எடுங்கள். படகின் இரண்டு விளிம்பிலிருந்தும் சேணத்தின் நடுக்கோடு ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 75 கிலோ ஆள் 2 செ.மீ. தள்ளி உட்கார்ந்தாலே, குறுகலான படகு அந்தப் பக்கம் சாயும். அளவு சரியாக இருந்தும் சாய்ந்தால், இரண்டு முழங்கால் மெத்தைகளும் ஒரே தடிமனா என்று பாருங்கள். பழைய ஃபோம் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் போயிருப்பது உண்டு.

அடுத்தது முன்பின் சமநிலை. இதற்கு அசையாத நீர் வேண்டும், கரையில் நின்று பார்க்க ஒரு நண்பர் வேண்டும். நீங்கள் உட்கார்ந்ததும் அணியம் (முன்பக்கம்) அதிகம் அமிழ்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அணியம் அமிழ்ந்தால் பின்பக்கம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும், படகு சுற்றிக்கொள்ளும். நீங்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்கும். படகு மட்டமாகவோ, பின்பக்கம் ஒரு சொட்டுப் பாரமாகவோ இருந்தால் நல்லது.

சேணத்தைப் பெயர்க்கும் முன் காசில்லாத ஒரு சோதனை செய்யலாம். 5 லிட்டர் குடிநீர்ப் போத்தலை உங்களுக்கு 150 செ.மீ. பின்னால் கட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள். படகு நேராக ஓடினால் கணக்கு எளிது. 5 கிலோவை 150-ஆல் பெருக்கினால் 750. அதை உங்கள் எடையால், 75 கிலோ என்றே வைத்துக்கொள்வோம், வகுத்தால் 10. அதாவது சேணம் சுமார் 10 செ.மீ. பின்னால் போக வேண்டும். போத்தலைக் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆற்றுக்குக் கொண்டு போகாதீர்கள்.

கால் மரத்துப்போவதற்குச் சேணம் தாழ்வாக இருப்பது ஒரு காரணம், தொடைகளுக்கு நடுவே அது அகலமாக இருப்பது இன்னொன்று. 2 செ.மீ. ஃபோம் துண்டு ஒன்றை மேலே டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். உயரம் கூடினால் காலுக்குச் சுகம், ஆனால் படகின் ஆட்டம் கூடும். எது உங்களுக்குத் தாங்கும் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அகலம்தான் காரணம் என்றால் பல்லுள்ள ரொட்டிக் கத்தியால் பக்கங்களைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள்.

மீண்டும் ஒட்டும்போது படகு என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக் என்றால் கான்டாக்ட் பசை நன்றாகப் பிடிக்கும். ராயலெக்ஸ் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது, பழைய படகுகளில்தான் கிடைக்கும். மெழுகு தடவியதுபோல வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் பசை நிற்காது. சேணத்தைக் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குவதே வழி.

நம் ஊர் ஈரக்காற்றில் பசை வேலை பொறுமை கேட்கும். மழை இல்லாத காலையாகப் பார்த்து, காற்றோட்டமான இடத்தில், இரண்டு பரப்பிலும் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்துங்கள். பட்ட இடத்திலிருந்து அசைக்க முடியாது என்பதால் முன்பே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை மழை மூட்டத்தில் அவசரப்பட்டு ஒட்டினேன், இரண்டே வாரத்தில் முழுத் துண்டும் கையோடு வந்தது.

சரி, காசு எதில் போடுவது? காற்றுப்பையில். படகுக்குள் 300 லிட்டர் தண்ணீர் புகுந்தால் அது 300 கிலோ. கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே அந்தப் பாரத்தை எந்தத் துடுப்பாலும் திருப்ப முடியாது. அணியத்திலும் பின்பக்கத்திலும் பைகள் நிறைந்திருந்தால் அவ்வளவு தண்ணீருக்கு உள்ளே இடமே இருக்காது. கயிற்றால் வலைபோலக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பை பிதுங்கி வெளியே வந்துவிடும். கரையில் ஊதிய பை ஆற்று நீரின் குளிர்ச்சியில் தொய்யும், அப்போது இன்னும் கொஞ்சம் ஊத வேண்டும். கரை ஏறியதும் காற்றை இறக்கிவிடுங்கள். நம் வெயிலில் காரின் மேல் கிடந்தால் தையல் பிய்ந்துவிடும்.

தொடை வார் கடைசியில் வாங்க வேண்டியது. அது படகை உங்கள் இடுப்போடு சேர்த்துப் பிடிக்கும், நீங்கள் சாய்த்தால் படகும் கூடவே சாயும். ஆனால் கவிழ்ந்தால் நொடியில் கால் வெளியே வர வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்க, அமைதியான நீரில் பல முறை கவிழ்ந்து பார்க்காமல் வாரோடு ஆற்றில் இறங்கவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: கடையில் வாங்கிய தொடை வாரின் கொக்கி இரண்டாம் முறையே உடைந்தது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம், ரசீதில் எழுதி அதை நீக்க முடியாது. முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். மேலே கேட்ட செந்தூல் வாசகர்போல, வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கியதற்கு இந்த வழி கிடையாது. உடைந்த கொக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரசீதோடு சேர்த்து வையுங்கள். ரசீது மை சீக்கிரம் மங்கிவிடும், இன்றே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.