இடுப்பு வலிக்கிறதா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திருப்பூரில் பதினெட்டு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் தையல், செக்கிங், அயர்னிங் பார்ப்பவர்கள். மீதிப்பேர் வீட்டு வேலை, ஐடி வேலை, நாள் முழுக்க பைக். முதுகு, இடுப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன்.

மேடம், ஓவர்லாக் டெய்லர், வயது 34. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன். மத்தியானத்துக்கு மேல் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. எப்படி உட்கார்ந்தால் சரி?

எப்படி உட்கார்ந்தாலும் நாலு மணி நேரம் அசையாமல் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்குக்கு, நாம் வளர்ந்து ஆளான பிறகு நேரடி ரத்த ஓட்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுற்றியுள்ள எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. நாம் அசையும்போது அது அமுங்கி விரிகிறது, அந்த அசைவு அதற்கு நல்லது. காலையில் எழுந்ததும் உயரத்தை அளந்து ராத்திரி மறுபடி அளந்து பாருங்கள், ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்திருக்கும். நாள் முழுக்க டிஸ்க்கிலிருந்து பிழிந்து போன தண்ணீர்தான் அது.

பீஸ் ரேட்டில் எழுந்தால் காசு போகும், தெரியும். அதனால் ஒன்று செய்யுங்கள். ஒரு பண்டில் முடிந்ததும் ஹெல்பர் கொண்டுவரட்டும் என்று இருக்காமல் நீங்களே எழுந்து போய் அடுத்ததை எடுங்கள், எடுக்கும்போது இடுப்பில் கை வைத்து நாலு தடவை பின்னால் சாயுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது.

இன்னொன்று, ஸ்டூல். போன மாதம் ஒரு அக்கா வேலை செய்கிற வீடியோவை செல்போனில் காட்டினார்கள். ஸ்டூல் அவ்வளவு தாழ்வு, முழங்கால் இடுப்பை விட மேலே நிற்கிறது, பெடல் எட்டாததால் ஸ்டூலின் நுனியில் தொங்குகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். வேஸ்ட் துணியை ஒரு பழைய பனியன் பைக்குள் திணித்து மூன்று விரல் உயரத்துக்குத் திண்டு போடச் சொன்னேன், மெக்கானிக்கிடம் சொல்லி பெடலையும் காலுக்கு எட்டுகிற மாதிரி கிட்டே நகர்த்தி வைத்தார்கள். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் சாயங்காலம் வரை தாங்குகிறது என்றார்கள்.

ஐடி வேலை, வயது 31. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று போட்டிருக்கிறது. ஜிம், பைக் எல்லாம் நிறுத்திவிட்டேன். இனிமேல் வாழ்நாள் முழுக்க இப்படித்தானா?

தம்பி, ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள். பல்ஜ் என்றால் டிஸ்க் கொஞ்சம் வெளியே பிதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்தது, 80 வயதில் 84 சதவீதம். தலைமுடி நரைக்கிற மாதிரி அதுவும் ஒன்று. வலி கால் வரை இறங்குகிறதா, பாதம் மரத்துப்போகிறதா, கால் கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா, இதெல்லாம்தான் எனக்கு முக்கியம். நீங்கள் எழுதியதில் இப்படி எதுவும் இல்லை. ஒரு தடவை நேரில் யாரிடமாவது காட்டிவிட்டு குறைந்த எடையில் ஜிம்மை மறுபடி ஆரம்பியுங்கள். என் அனுபவத்தில் பயந்துபோய்ப் படுத்தே கிடக்கிறவர்களுக்குத்தான் குணமாக ரொம்ப நாள் ஆகிறது.

காலையில் வாசல் பெருக்கி கோலம் போடும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மற்ற நேரம் எவ்வளவு குனிந்தாலும் ஒன்றும் இல்லை. ஏன் அக்கா?

நல்ல கேள்வி. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பி இருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அதன்மேல் விழுகிற இழுவை அதிகம். காலையில் எழுந்ததும் குனிவதைத் தவிர்த்த நாள்பட்ட வலிக்காரர்களுக்கு வலி குறைந்ததை 1998இலேயே ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கோலத்தை விடச் சொல்லவில்லை, அது நடக்காது என்று எனக்கும் தெரியும். முதலில் பால் காய்ச்சி, காபி போட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு கடைசியாக வாசலுக்குப் போங்கள். நீளக் கம்பு வைத்த விளக்குமாறு வாங்குங்கள். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துப் புள்ளி வைப்பதைவிட குந்தி உட்கார்ந்து போடுங்கள், முட்டிவலி இருந்தால் சின்ன முக்காலி.

கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுத்தால் முதுகுக்கு நல்லது என்கிறார்களே?

பழகியவர்கள் படுக்கலாம். வலி இருக்கிறவர்கள் கட்டாயம் தரையில் படுக்க வேண்டும் என்பது மட்டும் சரியில்லை. ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது. நடுவில் குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையா, அடித்துத் தைக்கக் கொடுங்கள்.

இடுப்பு பெல்ட்?

நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமாக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. ஆபரேஷன் செய்தவர்கள், எலும்பு முறிவு உள்ளவர்கள் டாக்டர் சொன்னபடி போடுங்கள்.

சிலிண்டர், தண்ணீர் கேன் தூக்கவே கூடாதா?

நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ வரும், அதைச் சாய்த்து விளிம்பில் உருட்டுங்கள், தூக்கவே வேண்டாம். இருபது லிட்டர் கேனுக்கு மேலே மாட்டுகிற சின்ன பம்ப் கடையில் கிடைக்கிறது. ஆனால் எதையுமே தூக்காமல் இருந்தால் முதுகுத் தசை இன்னும் பலவீனமாகும், பிறகு அரிசிப் பையைத் தூக்கினாலே பிடித்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிப் பிடித்து, முகமும் பாதமும் ஒரே பக்கம் இருக்க, திருகாமல் தூக்கிப் பழகுங்கள்.

வலி சரியாகிவிட்டது. திரும்ப வராமல் இருக்க நடந்தால் மட்டும் போதுமா?

நடை நிறையவே செய்யும். ஆஸ்திரேலியாவில் இடுப்புவலி சரியான 701 பேரைப் பார்த்தார்கள், 2024இல் வெளிவந்தது. மெதுவாகக் கூட்டிக்கூட்டி வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி நடை என்று கொண்டுபோனவர்களுக்கு வலி திரும்ப ஏறக்குறைய 208 நாள் ஆனது, நடைப் பயிற்சி சொல்லித்தரப்படாதவர்களுக்கு 112 நாள். செலவும் இல்லை. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுத்தால் இன்னும் நல்லது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பத்து பத்தாகச் செய்யலாம்.

அப்பாவுக்கு 62 வயது. ஒரு மாதமாக ராத்திரியில் முதுகுவலி அதிகம், சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், எடையும் குறைந்திருக்கிறது. என்ன எக்சர்சைஸ் செய்யலாம்?

எக்சர்சைஸ் எதுவும் வேண்டாம், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முதுகெலும்பில் டிபி வருவது நம் ஊரில் அபூர்வம் இல்லை, மருந்தில் குணமாகும், ஆனால் கண்டுபிடிக்கத் தாமதமானால் நரம்பு பாதிக்கும். வேறு காரணங்களும் இருக்கலாம், எதுவானாலும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், முதுகுவலியோடு சிறுநீர் போக முடியாமல் போனாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மேடம், முதல் கேள்வி கேட்ட ஓவர்லாக் டெய்லர்தான். பண்டில் எடுக்க எழுந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார்!

சரி, அப்போது தண்ணீர் பாட்டிலை மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் கேன் இருக்கிற இடத்துக்கு எழுந்து போய்க் குடியுங்கள். குடித்தால் பாத்ரூமுக்கும் போக வேண்டிவரும். அதற்கும் திட்டினால் என்னிடம் சொல்லுங்கள், அவருக்கும் கழுத்துவலி, வியாழக்கிழமைதோறும் இங்கேதான் வருகிறார்.