உப்புப் பூத்த செங்கல் சுவருக்கு அசிட் வேண்டாம்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் பழைய வீட்டு முன்னறையில் பூச்சை உடைத்து, செங்கல் தெரியும்படி விட்டோம். 6 மாதத்துக்குள் அடியிலிருந்து 3 அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தாலும் திரும்ப வருகிறது. அசிட்டால் கழுவி வார்னிஷ் அடிக்கலாம் என்கிறார் மேசன் பாஸ். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் காய்ந்துபோக, உப்பு முகப்பில் தங்கிவிடுகிறது. உப்பு 3 அடியோடு நிற்பதைப் பார்த்தால் ஈரம் பெரும்பாலும் கீழிருந்துதான் வருகிறது. அசிட் பழைய சுண்ணாம்புச் சாந்தைத் தின்பதோடு, புதிய குளோரைட் உப்பையும் சுவருக்குள் விட்டுப்போகும். வார்னிஷ் அடித்தால் உப்பு அதன் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தைச் செதிள் செதிளாகக் கழற்றும்.

முதலில் சுவரின் வெளிப்பக்கத்தைப் போய்ப் பாருங்கள். முற்றம் உள்தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் உயர்த்திப் போட்ட சீமெந்துத் தளம், சுவரை ஒட்டிய பூப்பாத்தி, அடியில் வெடித்த பீலிக் குழாய் இவற்றில் ஒன்றுதான் வழக்கமாகக் காரணமாக இருக்கும். அதைத் திருத்தாமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

உப்பைக் காய்ந்த நிலையிலேயே தும்புத் தூரிகையால் தட்டி, கீழே விரித்த தாளில் சேர்த்து அகற்றுங்கள். ஈரத்துணி உப்பைக் கரைத்து மறுபடி சுவருக்குள் அனுப்புகிறது. உங்கள் சுவரில் அது திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பித் தூரிகையும் வேண்டாம். சூளையில் வெந்த கடினமான மேல்தோலை அது சுரண்டினால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, செங்கற்களுக்கு இடையே சாந்து நிரப்பிய இடுக்குகள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் சாந்து மாவாக உதிர்கிறதா? அந்த இடங்களில் மட்டும் 1 அங்குல ஆழத்துக்கு உளியும் சுத்தியலும் கொண்டு எடுங்கள். கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் விளிம்பு போய்விடும். 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக் களிக்கு 3 பங்கு ஆற்று மணல் போதும். கழுவாத கடல் மணல் கலந்தால் உப்பை நீங்களே சுவருக்குள் வைப்பதாகிவிடும். இடுக்கை நனைத்து, சாந்தை அரை அங்குலத்துக்கு மேற்படாத படைகளாக அழுத்தி நிரப்புங்கள். பெருவிரல் பதியாத அளவுக்கு இறுகியதும் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கட்டும்.

சீமெந்துச் சாந்து ஏன் கூடாது என்று கேட்பார்கள். அப்படி நிரப்பிய பழைய சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்: சாந்து வரம்புபோல் எழுந்து நிற்க, செங்கல் நடுவில் தட்டம்போல் குழிந்திருக்கும். இறுகிய சாந்து வழியே போக முடியாத ஈரம் செங்கல் வழியே வெளியேறி, அதைத் தின்றிருக்கிறது.

இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அடுத்த மே மாத மழை தொடங்கி ஒரு பருவம் முழுக்க உப்புப் பூக்காமல் கடந்தால், மழைநீரை விலக்கி, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே விடும் சிலோக்சேன் வகைப் பூச்சு பற்றி யோசிக்கலாம். பூசாமல் விடுவதே எங்கள் விருப்பம்.

கேள்வி: தெஹிவளையில் எங்கள் கபுக் (செம்பூரான் கல்) சுவரில் பழைய எனாமல் பெயின்ட் இருக்கிறது. எப்படி எடுப்பது?

பதில்: தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தூசி பிள்ளைகளுக்கு ஆபத்து. கபுக்கும் செங்கல்லைவிட மென்மையானது, குழிகள் நிறைந்தது. பெயின்ட் ரிமூவர் பசையை முதலில் உள்ளங்கை அளவில் பூசி, பொலித்தீனால் மூடி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, மரச்செதுக்கியால் எடுத்துப் பாருங்கள். கல் நிறம் மாறாவிட்டால் தொடருங்கள். கையுறை அணிந்து, யன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். குழிகளுக்குள் ஒட்டியிருப்பதை முழுக்கத் தோண்டப் போகாதீர்கள். மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு அதை மறைத்துவிடும்.