பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லித்தருகிறவர்களின் கேள்விகள்

மாட்டுங்கா, சயான் பக்கம் பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். நம் மும்பைத் தமிழர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (செம்பூர், புதிய கோச்): அண்ணா, 16 பிள்ளைகள் வருகிறார்கள். லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது) வரிசையில் நிறுத்தினாலே பின்னால் சண்டை. என்ன செய்ய?

பதில்: சண்டைக்குக் காரணம் அந்த வரிசைதான் தம்பி. ஒருவருக்கு எட்டு நொடி என்று வைத்துக்கொண்டாலும் மறுபடி முறை வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், பத்து நிமிடத்தில் நாலைந்து தடவைதான் பந்து கைக்கு வரும், மீதி நேரம் முன்னால் நிற்பவன் சட்டையை இழுக்காமல் வேறு என்ன செய்வான்? இரண்டு ரிங்கிலும் இரண்டு பக்கமும் பிரித்து, வரிசைக்கு நான்கு பேராக நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு ரப்பர் பந்து கொண்டுவரச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது ஓர் ஆட்டம் வையுங்கள்: மூன்று பாயிண்ட் கோட்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னால் போட்டிருக்கும் பெரிய வளைவுக்குள், எல்லோரும் டிரிபிள் செய்துகொண்டே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) அடுத்தவர் பந்தைத் தட்டிவிட வேண்டும். பந்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பறிபோகும், அதனால் நீங்கள் கத்தாமலே தலை நிமிரும். பந்து பறிபோய் அவுட் ஆனவனை மட்டும் உட்கார வைக்காதீர்கள், முதலில் அவுட் ஆகிறவனுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. இடது கையால் இருபது தட்டு தட்டிவிட்டு உள்ளே வரட்டும்.

கேள்வி (தாராவி, ஓர் அம்மா): மகளுக்கு ஒன்பது வயது சார். பந்தை இடுப்பிலிருந்து வீசி எறிகிறாள், ரிங்குக்கு எட்டவே இல்லை. பலம் போதாதா?

பதில்: பலமெல்லாம் சரியாகத்தான் இருக்கும்மா. எந்தப் பந்து என்று பாருங்கள். 7-ஆம் நம்பர் பந்து ஆண்களுக்கானது, பெண்களே 6-ஆம் நம்பரில்தான் ஆடுகிறார்கள். பிள்ளைகளுக்கான மினி பாஸ்கெட்பாலில் 5-ஆம் நம்பர்தான், ரிங்கும் 2.60 மீட்டர் உயரம், பெரியவர்களுக்கு 3.05. ரிங்கை இறக்க வழியில்லையென்றால் சுவரில் 2.60 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இரண்டு எட்டு தள்ளி நின்று எறியட்டும். பந்து விரல் நுனியில் இருக்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. விட்ட பிறகு மணிக்கட்டு முன்னால் மடிந்து தொங்க வேண்டும். உள்ளே விழுகிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (முலுண்டு): ஜூன் முதல் செப்டம்பர் வரை கோர்ட் ஈரம். பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் ஈர சிமெண்டில் ஓடவே விடாதீர்கள், ஒரு வழுக்கலில் கணுக்கால் போய்விடும். சொசைட்டி பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே டிரிபிள், பிவட் (ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்புவது), பாஸ் போதும்.

கேள்வி (சயான்): ஐந்துக்கு ஐந்து எப்போது ஆடவிடலாம்?

பதில்: அவசரம் இல்லை. மூன்றுக்கு மூன்று, பாதி கோர்ட். அதில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.

கேள்வி (மாட்டுங்கா, ஓர் அப்பா): தோற்ற அணியை ஐந்து ரவுண்டு ஓடவிட்டால் ரோஷம் வரும் என்கிறார்களே?

பதில்: நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு பையன் கடைசி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டான், அவன் அணி முழுக்க ஓடியது, ஓடும்போது ஒருத்தனும் அவனோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்றிலிருந்து தோற்றவர்களை ஓடவிடுவதை நிறுத்திவிட்டேன், எந்தப் பயிற்சியானாலும் ஆளுக்கு ஒரு பந்து உள்ளே விழுந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.