கத்தி முனையில் ஒரு பரிசு: வாசகர் கேள்வி – பதில்

கணினியில் உள்ள வடிவத்தைத் தாளிலும் துணியிலும் அப்படியே வெட்டித் தரும், வீட்டு மேசையில் வைத்துப் பயன்படுத்தும் வெட்டும் எந்திரத்தைக் கொண்டு பண்டிகைப் பரிசுகள் செய்வது பற்றி வந்த கேள்விகளுள், பலருக்கும் பொதுவான சிக்கல்களைத் தொட்டவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதன்முறையாக ஒரு வெட்டும் எந்திரம் வாங்க எண்ணுகிறேன். கிரிகட், சில்யூவெட், பிரதர் என்று பெயர்கள் குழப்புகின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: பெயரைப் பார்ப்பதற்கு முன், எந்தப் பொருளை அதிகம் வெட்டப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். தாளும் வினைலும் (ஒட்டக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்) மட்டும்தான் என்றால் மூன்றுமே போதும். துணியை, பின்புறம் எதையும் ஒட்டி விறைப்பாக்காமல் அப்படியே வெட்ட விரும்பினால், சக்கரம்போல் உருண்டு வெட்டும் சுழல் பிளேடு பொருத்தக்கூடிய மாதிரி வேண்டும். கிரிகட்டில் மேக்கர் வரிசைக்கு அந்த வசதி உண்டு, எக்ஸ்புளோர் வரிசைக்கு இல்லை. குழந்தை தாளில் வரைந்த படத்தை அதே வடிவில் வெட்டியெடுக்க ஆசைப்படுவோருக்குப் பிரதரின் ஸ்கேன்-என்-கட் ஏற்றது, ஏனெனில் அதற்குள்ளேயே ஸ்கேனர் இருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது மென்பொருள். படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும், 2001 முதல் இணையத் தரமாக இருந்துவரும் எஸ்விஜி கோப்புகளைத்தான் டிசைன் தருபவர்கள் பெரும்பாலும் தருகிறார்கள். ஆனால் சில மென்பொருள்களின் இலவசப் பதிப்பு அதைத் திறக்காது, டிஎக்ஸ்எஃப் என்ற வேறு வகைக் கோப்பைத்தான் ஏற்கும். ஆகவே எந்திரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் மென்பொருளை மட்டும் இறக்கி ஒரு வாரம் பழகிப் பாருங்கள். உங்கள் பொறுமைக்கு அது ஒத்துவருகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: பூவேலைப்பாடு கொண்ட வாழ்த்து அட்டையை வெட்டும்போது நேர்கோடுகள் அழகாக வருகின்றன, இதழ்களின் கூர்முனைகளில் மட்டும் தாள் பிய்ந்துவிடுகிறது. பிளேடை மாற்றியும் பயனில்லை.

பதில்: எந்திரத்தின் பிளேடு கத்தரிக்கோல்போல வெட்டுவதில்லை, பேனாவைப் போல இழுபட்டுக்கொண்டே செல்கிறது. அதன் முனை, சுழலும் அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கும். தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் போகும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வதைப் போல, பிளேடும் ஒவ்வொரு மூலையிலும் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. திரும்பும் அந்த நொடியில் தாளின் நார்கள் கத்திக்கு எதிராக இழுபடுகின்றன. தாள் தளர்வாக இருந்தாலும் நார் நீளமாக இருந்தாலும் அங்கேதான் பிய்யும். நேர்கோடு பிழைத்து முனை மட்டும் கெடுவதற்கு இதுவே காரணம்.

புதுப் பிளேடு போட்டும் சரியாகவில்லை என்கிறீர்கள் என்பதால், பிளேடு தங்கியிருக்கும் கூட்டுக்குள் தாள் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துணுக்கு சிக்கினால் பிளேடு சுழலாது, சுழலாத பிளேடு மூலையை உழுதுகொண்டு போகும். அடுத்து, எந்திரத்தோடு வரும் ஒட்டும் பாய் தாளை முழுமையாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையால் தடவினால் போதாது, ரப்பர் உருளையால் உருட்டி ஒட்ட வேண்டும். பிறகு வேகத்தைக் குறையுங்கள். தாளும் காரணமாகலாம்: 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையிலான, குறுக்கே கிழித்தால் உள்ளேயும் அதே நிறமாக இருக்கும் அட்டைகள் நன்றாக வெட்டுப்படுகின்றன, மேல் பூச்சு மட்டும் நிறமாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருப்பவற்றில் முனைகள் வெளுத்துத் தெரியும்.

வெட்டி முடித்ததும் பெரும்பாலோர் செய்யும் பிழை, பாயிலிருந்து தாளை உரிப்பது. பாயைக் கவிழ்த்து, தாளை மேசையோடு சேர்த்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பாயைத் தாளிலிருந்து உரித்தெடுங்கள். வளைய வேண்டியது பாய்தான், தாளன்று. அட்டை சுருளாமல் தட்டையாக வருவதும் இதழ்கள் அறுபடாமல் இருப்பதும் இந்த ஒரு பழக்கத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி: நோட்டுப்புத்தக அட்டையிலும் கோப்பையிலும் உறவினர்களின் பெயர்களைத் தமிழில் வெட்டி ஒட்ட விரும்புகிறேன். மென்பொருளில் தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சில நேரம் புள்ளிவட்டமும் சேர்ந்து வருகிறது. ஒருமுறை சரியாக வந்தபோது, வெட்டிய பின் மெய்யெழுத்தின் புள்ளிகள் எல்லாம் காணாமல் போயின.

பதில்: இக்கேள்வியை மட்டும் ஏழு பேர் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட எந்திரம் தமிழிடம் திணறுவதில் வியப்பில்லை.

கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் 'கொ' என்பது முதலில் ககரம், அதன் பின் உயிர்க்குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துகளை வடிவமைத்துக் காட்டும் தனி நிரலின் வேலை. வெட்டும் எந்திரத்தின் மென்பொருளில் அந்த நிரல் இல்லையென்றாலோ அரைகுறையாக இருந்தாலோ நீங்கள் பார்த்த குழப்பம்தான் வரும். இதற்கு நல்ல தீர்வு, எழுத்தை அந்த மென்பொருளிடம் எழுத்தாகக் கொடுக்காமல் படமாகக் கொடுப்பது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டுகிறது. அதில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பகுதிகளை இணைத்து ஒரே வடிவமாக்கி, எஸ்விஜியாகச் சேமியுங்கள். இணைக்காமல் விட்டால், 'கி' போன்ற எழுத்துகளில் விசிறி சேருமிடத்தில் கத்தி குறுக்கே ஓடி எழுத்தை இரண்டாக்கக்கூடும். வெட்டும் மென்பொருளில் கோப்பைத் திறந்ததும் அகல உயரங்களைச் சரிபாருங்கள். இரண்டு மென்பொருள்களும் ஒரே அளவுக் கணக்கை வைத்திருப்பதில்லை.

அவசரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். கொம்பை முதலில் அடித்தால் அது முதலிலேயே நிற்கும். ஒருங்குறி வந்தபின் நாம் கைவிட்ட அந்த எழுத்துருக்கள், இந்த எந்திரத்துக்கு முன்னால் திடீரென்று கெட்டிக்காரர்களாகிவிடுகின்றன!

புள்ளிகளுக்கு வருவோம். வினைலில் புள்ளி தொலைவது, தேவையற்ற பகுதியை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடுவதால்தான். பெயரின் உயரம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கிவிடுங்கள். உரிக்கும்போது வினைலை மேல்நோக்கித் தூக்காமல், தன்மேல் தானே மடங்குமாறு தாழ்வாக இழுங்கள். அட்டையில் வெட்டித் தொங்கவிடும் பெயர் என்றால் புள்ளி அந்தரத்தில் நிற்க முடியாது. எழுத்துகளைச் சுற்றி 3 மில்லிமீட்டர் பெரிதான வெளிக்கோடு ஒன்றை வேறு நிற அட்டையில் வெட்டி, பெயரை அதன்மேல் ஒட்டினால் புள்ளியும் நிற்கும், பெயரும் எடுப்பாகத் தெரியும். ஸ்டென்சில் (மேலே வைத்து வண்ணம் பூசுவதற்கான துளை அச்சு) வெட்டுவோர் நேர்மாறான தொல்லையைச் சந்திப்பார்கள்: க, ம, ண போன்றவற்றின் மூடிய வளையங்களுக்கு உள்ளே இருக்கும் துண்டு உதிர்ந்துவிடும். அதைச் சட்டத்தோடு பிணைக்க ஒரு மெல்லிய பாலம் வரைந்து சேர்க்க வேண்டும்.

கேள்வி: கோப்பையில் ஒட்டிய பெயர் மூன்றாவது கழுவலிலேயே ஓரம் தூக்கிக்கொண்டது. பசையின் தரம் குறைவா?

பதில்: பெரும்பாலும் தரமன்று, வகை. எளிதில் உரிக்கக்கூடிய வினைல், நிரந்தர வினைல் என்று இரண்டு உண்டு. முன்னது சுவருக்கும் ஜன்னலுக்கும், பின்னது தண்ணீர் படும் பொருளுக்கும் உரியது. ஒட்டுவதற்கு முன் கோப்பையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள்; துடைத்த இடத்தை மறுபடி விரலால் தொடாதீர்கள். வளைந்த பரப்பில் மடிப்பு விழாமலிருக்க, எழுத்துகளைத் தூக்கிச் செல்லும் டிரான்ஸ்ஃபர் டேப்பின் ஓரங்களில் ஆங்காங்கே கத்தரித்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்துங்கள். ஒட்டிய பின் 72 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. அதன் பிறகும் கையால் கழுவுவதே நல்லது. பாத்திரம் கழுவும் எந்திரம் வேண்டாம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பரிசோடு வையுங்கள். உதடு படும் விளிம்பிலும் கோப்பையின் உட்புறத்திலும் வினைல் ஒட்டவே கூடாது.

கேள்வி: துணிப்பைகளில் வெப்பத்தால் ஒட்டும் வினைல் கொண்டு பெயர் போட எண்ணுகிறேன். இஸ்திரிப் பெட்டி போதுமா?

பதில்: பருத்திப் பைகளுக்குப் போதும், ஆனால் அதன் சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. நீராவியை நிறுத்தி, பருத்திக்கான சூட்டில் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணி விரித்து, தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். பலவகை வினைல்கள் 150 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் 10 முதல் 15 விநாடிகளில் பிடித்துக்கொள்ளும். சரியான அளவும், பாதுகாப்புத் தாளைச் சூட்டோடு உரிப்பதா ஆறவிட்டு உரிப்பதா என்பதும் வாங்கிய சுருளில் குறிக்கப்பட்டிருக்கும். முதல் கழுவலுக்கு ஒரு நாள் பொறுத்திருங்கள்.

பாயில் வைக்கும்போது பளபளப்பான பக்கம் கீழே, டிசைன் இடவலம் மாறி: இவ்விரண்டும் மறக்கக்கூடாதவை. நான் ஒருமுறை பன்னிரண்டு பெயர்களை வெட்டி, இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றின் உள்வளையத்தையும் ஊசியால் கிள்ளியெடுத்த பிறகே, அத்தனையும் கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்கக்கூடியவை என்று கண்டேன். திரையில் இடவலம் மாறித் தெரியாததை மகிழ்ச்சியோடு வெட்டிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து எந்திரத்தின் மூடியில் 'திருப்பினாயா?' என்று ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த ஒட்டுவில்லையும் வினைல்தான்.

கேள்வி: பரிசுப் பெட்டியின் அடிப்பாகத்தையும் மூடியையும் 10 சென்டிமீட்டர் சதுரமாகவே வெட்டினேன். மூடி நுழையவில்லை, வலிந்து நுழைத்தால் மூலைகள் கிழிகின்றன.

பதில்: கணக்கில் அட்டைக்குத் தடிமனே இல்லை, கையில் இருக்கிறது. 250 ஜிஎஸ்எம் அட்டை ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்கும். அடிப்பாகத்தின் இரு சுவர்கள், மூலைகளில் மடித்து ஒட்டிய காதுகள், மூடியின் காதுகள் என்று அடுக்கிப் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடுகிறது. மூடியின் சதுரத்தை 2 மில்லிமீட்டர் பெரிதாக, அதாவது 10.2 சென்டிமீட்டராக வைத்துப் பாருங்கள். மேலிருந்து விட்டால் காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு தானாக இறங்கும் மூடிதான் சரியான மூடி.

மடிப்புக்கோட்டில் அட்டை வெடிக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அட்டையை இரு திசைகளிலும் இலேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்பு நார்களுக்கு இணையாக இருக்கிறது என்று பொருள்; பெட்டியின் நீண்ட மடிப்புகளை அந்தத் திசையில் வைத்தால் வெடிப்பு குறையும்.

கேள்வி: பிரபலமான கார்ட்டூன் உருவங்களை வெட்டி ஒட்டிய பைகளைப் பண்டிகைச் சந்தையில் விற்கலாமா?

பதில்: உரிமையாளரின் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது. எஸ்விஜி கோப்பை யாரோ இலவசமாகக் கொடுத்தார் என்பது அனுமதியாகாது. எழுத்துருக்களுக்கும் உரிமம் உண்டு; திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றைப் பயன்படுத்திச் செய்த பொருள்களை விற்கத் தடையில்லை.

கேள்வி: மூன்று வாரத்தில் நாற்பது பேருக்குப் பெயர் பொறித்த பெட்டியும் அட்டையும் செய்ய முடியுமா? எந்திரம் ஒன்றைப் பத்து நிமிடத்தில் வெட்டிவிடுகிறது.

பதில்: எந்திரத்தின் பத்து நிமிடத்தை நாற்பதால் பெருக்கியிருக்கிறீர்கள், உங்கள் கையின் நேரத்தைப் பெருக்கவில்லை. முதலில் ஒரே ஒரு பரிசை முழுமையாக, உரித்து, மடித்து, ஒட்டி, நாடா கட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் செய்து முடியுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆனது என்றால் நாற்பதுக்கு ஐம்பது மணி நேரம். மூன்று வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியுமா என்பதை நீங்களே சொல்லிவிடலாம். முடியாது என்றால் பெட்டியைக் கைவிட்டு அட்டையை மட்டும் வையுங்கள். எண்ணிக்கையைக் குறைப்பதைவிட வேலைப்பாட்டைக் குறைப்பது யாரையும் விட்டுவிடாது. செய்வதென்று முடிவானால் ஒரு பெட்டியை முடித்து அடுத்ததைத் தொடங்காதீர்கள்: ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டி, மறுநாள் எல்லாவற்றையும் மடித்து, அதற்கடுத்த நாள் ஒட்டுங்கள். பெயர்களை மட்டும், வெட்டுவதற்கு முன் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். தன் பெயரில் னகரம் இருக்க வேண்டிய இடத்தில் ணகரம் இருப்பதைப் பரிசு பெறுபவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: பாயின் ஒட்டும் தன்மை குறைந்துவிட்டது. புதிதுதான் வாங்க வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்கி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கலந்து, மிருதுவான தூரிகையால் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, நிற்கவைத்துக் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒரு பாய் எனக்குப் பல சுற்று உழைத்திருக்கிறது. புதுப் பாய்க்கு எதிர்த் தொல்லை உண்டு: அதன் பிடி மெல்லிய தாளைக் கிழித்துவிடும். முதல் நாளில் அதைச் சட்டைத்துணியில் இரண்டு மூன்று முறை ஒற்றியெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.