ஃபிரிட்ஜ் ஓடினால் இன்வெர்ட்டர் கத்துகிறதா? பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் ஏர்லி பீச்சில் நங்கூரமிட்ட படகில் நாவல் எழுதுகிறேன், சாயங்காலம் ஃபிரிட்ஜ் ஓடினாலே இன்வெர்ட்டர் கத்தி லேப்டாப் சார்ஜ் நின்றுவிடுகிறது, 200 ஆம்ப்-அவர் ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய லெட்-ஆசிட் வகை) பேட்டரியை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஃபிரிட்ஜும் சார்ஜரும் ஓடும்போதே மல்டிமீட்டரில் இரண்டு இடத்தில் வோல்ட்டை அளந்து பாருங்கள்: பேட்டரி முனை, இன்வெர்ட்டர் முனை. பேட்டரியில் 12.3, இன்வெர்ட்டரில் 11 என்றால் கோளாறு வயரில். இரண்டும் சேர்ந்தே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகம்.

1 சதுர மி.மீ. வயரில் 5 மீட்டர் தள்ளி 5 ஆம்ப் இழுத்தால், போக வர 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.2தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயராக வாங்குங்கள். சாதா வயர் உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி.

லேப்டாப்புக்கு இன்வெர்ட்டரே தண்டம். 12 வோல்ட்டில் நேரே ஓடும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதும். முழு வேகத்தில் இழுத்தாலும் 6 ஆம்ப்தான்.

சோலார் பேனல் எங்கே இருக்கிறது? தென்கிழக்குக் காற்றில் படகின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், அங்கே குளிர்கால உச்சிவெயிலோ வடக்கே. பூமின் (பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கழி) நிழல் வலப்பக்க டெக்கில் விழும். பேனலைப் படகின் பின்பக்க வளைவுச் சட்டத்துக்கு மாற்றுங்கள்.